சம்பத்தின் மஞ்சள்

கண் கட்டைப் பிரித்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டுப் பால் பாக்கெட் நீலமாக இருந்தது.

சிங்க்கில் கிடந்ததை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீலமேதான். மூன்று நான்கு வருஷமாக அதைச் சாம்பல் நிறம் என்றே நினைத்திருந்தேன். பால்காரர்கள் மட்டமான மைக்கு மாறிவிட்டார்கள் என்று என் மனைவி ராஜத்திடம் ஒரு தடவை நியாயம் வேறு பேசியிருக்கிறேன். அவள் அப்போது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அறுவை நடந்தது வலது கண்ணில் மட்டும்தான். இடது கண்ணில் புரை அப்படியே இருந்தது, அதற்கு ஒரு மாதம் கழித்து நாள் கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்து ஒப்பிட முடிந்தது. வலது கண்ணுக்கு நீலப் பாக்கெட். இடது கண்ணுக்கு டீ சிந்திக் காய்ந்த பாக்கெட். சமையலறை டைல்ஸ், ராஜத்தின் புடவை, காலண்டரில் இருந்த பிள்ளையார் என்று எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"காலங்காத்தால யாரைப் பாத்து கண்ணடிக்கிறீங்க?" என்றாள் ராஜம்.

சிரித்துக்கொண்டே பால்கனிக்குப் போனேன். கண்ணாடிக் கதவு போட்டு அடைத்த அந்தப் பால்கனிதான் என் ஸ்டுடியோ. அங்கே சுவரில் சாய்ந்து ஐந்து படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

பத்திரிகையில் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் நண்பன் சம்பத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்று மூன்று வாரங்களில் மூன்று முறை எழுதிவிட்டு, தொழிற்சாலை கேன்டீன் கதையையும் மழை ஒழுகிய குவார்ட்டர்ஸ் கதையையும் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாசகர் விடவில்லை. சம்பத் எங்கே என்று கேட்டு எழுதிவிட்டார்.

பிரேம் கடையில்

நான் மதுரைக்காரன். ஊரை விட்டு வடக்கே வந்து, கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் படம் வரையும் பிரிவில் வேலை. படம் என்றால் இயந்திரப் பாகங்களின் படம். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மேலதிகாரி கூப்பிட்டு அனுப்புவார். அந்தக் கையோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மலையையும் மரத்தையும் ஆயில் கலரில் வரைய ஆரம்பித்தேன். என் மரங்களில் இலைகளை எண்ணிவிடலாம்.

பட்டாளக் குடியிருப்பான கேம்ப்பில் ஒரு பிரேம் கடையில்தான் சம்பத்தைப் பார்த்தேன். அவன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் வேலூர் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்த குடும்பம். ஒரே வாக்கியத்தில் தமிழில் ஏறி இந்தியில் இறங்குவான். கவுண்டரில் பிரேமுக்காக வைத்திருந்த என் படத்தைக் கூப்பிடாமலே வந்து எட்டிப் பார்த்தான்.

"நல்லா கீதுபா. ஏக்தம் சுத்தம்," என்றான். "ஆனா செத்துபூட்ச்சி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த ஞாயிறு அவனுடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில், படம் வைத்து வரையும் இரண்டு மடக்கு ஈசல் ஸ்டாண்டுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடக்வாஸ்லா அணைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எப்படி அது நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் அந்தப் பின்சீட்டு என்னுடையது.

போதும்

வெளியில் நின்று வரைகிறவனுக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குள் நிழல் இடம் மாறிவிடும், தண்ணீரின் நிறம் வேறாகிவிடும். நான் அந்த இரண்டு மணி நேரத்தில் பெரிய இடங்களை மட்டும் நிரப்பிக்கொண்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நான்கு வாரம் நினைவிலிருந்து முடிப்பேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தவறில்லை.

சம்பத் வீட்டில் பிரஷ்ஷைத் தொடவே மாட்டான். கரையில் நின்று வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனைத் தாராளமாக விட்டு, மெல்லிசாக வழித்து வழித்துப் போடுவான். ஓரங்களில் போர்டு அப்படியே தெரியும். திடீரென்று நிறுத்தி, "போதும்" என்பான். பிரஷ்ஷை பேண்டிலேயே துடைப்பான். பிறகு போர்டைத் திருப்பி, பின்பக்கத்துப் பழுப்பு அட்டையில் பென்சிலால் மணி என்ன, காற்று எப்படி என்று குறித்து, கடைசியில் தமிழில் அந்த ஒரு வார்த்தையை எழுதுவான். அம்மாவிடம் கற்ற தமிழ். முதல் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து.

அந்த வார்த்தை இருந்தால் படம் முடிந்தது என்று அர்த்தம். அது இல்லாத படங்களைக் கிழித்துப் போட்டுவிடுவான்.

"இன்னும் ஒரு மணி நேரம் வீட்ல உக்காந்தீன்னா பிரமாதமா வந்துரும்ப்பா," என்று நான் நச்சரிப்பேன்.

"சோடு நா, விடுபா நடராஜா. முடிச்சா நீ சந்தோஷமா கீற. முடிக்காட்டி அது சந்தோஷமா கீது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவனுடைய படங்களில் ஒன்றையாவது எடுத்து, அந்த ஓரங்களை மூடி, தண்ணீரில் நாலு கோடு போட்டு முடித்துவிட வேண்டும் என்று இருபத்தைந்து வருஷமாக என் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது.

சிப்பாய் பார்த்த படம்

வானவடிப் பக்கம் ஒரு சம்பவம். ராணுவ நிலத்தின் வேலிக்கு வெளியே ஒரு பெரிய ஆலமரம் உண்டு. அதை வரைந்துகொண்டிருந்தோம். காவலுக்கு நின்ற சிப்பாய் வந்து இரண்டு படங்களையும் வாங்கிப் பார்த்தார். என்னுடையதில் வேலிக்கம்பம், தண்ணீர்த் தொட்டி, தூரத்துக் கட்டடத்தின் ஜன்னல்கள் எல்லாம் எண்ணிக்கை சரியாக இருந்தன. மேப் எடுக்கிறாயா என்று கேட்டு என்னை உட்கார வைத்துவிட்டார். நானும் ராணுவத்துக்குத்தான் வேலை செய்கிறேன் என்று அடையாள அட்டையை நீட்டியது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

சம்பத்தின் படத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவனை மட்டும் போகலாம் என்றார்.

அவன் போகவில்லை. எனக்காக இரண்டு மணி நேரம் புல்லில் உட்கார்ந்திருந்தான். திரும்பும் வழி முழுக்கச் சிரித்தான். ஸ்கூட்டர் ஆடியது.

அந்த ஆறு ஞாயிறுகள்

அவனுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று தெரிந்தபோது கோடை ஆரம்பித்திருந்தது. மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். அந்த மே மாதத்தை ஒட்டி ஆறு ஞாயிறுகள் கடக்வாஸ்லாவுக்குப் போனான். ஸ்கூட்டரை ஓட்டியது அவனுடைய மகள் வைஷாலி. ஐ.டி.யில் வேலை பார்க்கும் பெண். அவளுக்கு அம்மா இல்லை, அப்பா மட்டும்தான்.

ஆறு ஞாயிறும் போன் செய்து கூப்பிட்டான். நான் போகவில்லை.

வெயில் கூசுகிறது என்றேன். அது பொய்யில்லை. வெளிச்சத்தில் நின்றால் எல்லாம் ஒரே புகைமூட்டமாகத் தெரிந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்தேனே தவிர, கண்ணைக் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. பொய் வேறிடத்தில் இருந்தது. இளைத்துப்போன சம்பத் பிரஷ் பிடித்து நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

கடைசியாக அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பார்த்தேன். உடம்பு மஞ்சள், கண்ணின் வெள்ளைப்பகுதியும் மஞ்சள். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த வருசம் மாதிரி மஞ்சள் நான் பாத்ததே இல்லபா. தூசிலயே லைட் நிக்குது. ஆறு படமும் நல்லா வந்துக்கீது. வந்து பாரு."

சரி சரி என்றேன். காமாலை வந்தவன் கண்ணைப் பற்றி நம் வீடுகளில் சொல்வது எனக்கு ஞாபகம் வந்தது. நம்மில் யாருக்குத்தான் அந்த ஞாபகம் வராது? பாவம், எதைப் பார்த்தாலும் மஞ்சளாகத் தெரிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கையைத் தட்டிக்கொடுத்தேன்.

மழை பிடித்த முதல் வாரத்தில் போய்விட்டான்.

பெட்ஷீட்டில் சுற்றி வந்தவை

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஆறு படங்களையும் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு விஷ்ராந்த்வாடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள் வைஷாலி. தீபாவளிக்கு முன்னால் கேம்ப்பில் ஒரு சின்ன ஹாலில் அப்பாவின் படங்களை வைக்கப்போவதாகச் சொன்னாள்.

"ஆனா அங்கிள், இது ஆறும் அதூரா இருக்கு. பாதியில விட்டுட்டாரு. எட்ஜ்ல பாருங்க, போர்டு தெரியுது. நீங்க கம்ப்ளீட் பண்ணித் தர்றீங்களா? அப்பா ஸ்டைல் உங்களுக்குத்தானே மாலும்?"

அப்பா வீட்டில் படத்தைத் தொடமாட்டார் என்று அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கை துறுதுறுத்தது என்று எழுதினேனே, அதுதான் காரணம்.

ஒவ்வொன்றாக ஈசலில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் மஞ்சள். வானம் மஞ்சள், வற்றிய அணைத் தண்ணீர் மஞ்சள், எதிர்க்கரை மலை காவி. நான் இருபத்தைந்து வருஷமாக அறிந்த கடக்வாஸ்லா இது இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஏதோ கறை மாதிரி இருந்தது, எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை. அதையும் எழுதத் தெம்பில்லாமல் போய்விட்டது என்று நினைத்து அழுதேன். ராஜம் வந்து காபி வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு வேலையை ஆரம்பித்தேன். வெளியே மழை விடாமல் பெய்தது. சம்பத்தின் நோயைத் துடைத்தெடுக்கிற மாதிரி அந்த மஞ்சளின் மேல் கோபால்ட் நீலத்தைப் போட்டேன். மலைக்கு ஊதா கொடுத்தேன். தண்ணீரில் வானத்தை இறக்கினேன். ஓரங்களை மூடினேன். மனதில் இருந்த கடக்வாஸ்லா வரும்வரை நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். ஐந்து முடிந்தது. ஆறாவது சின்னது, அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

அதற்குள் ஒருநாள் கறுப்பு சாக்ஸ் ஒரு காலிலும் நீல சாக்ஸ் மறு காலிலுமாகக் கல்யாணத்துக்குக் கிளம்பினேன். ராஜம் அன்றைக்கே கண் டாக்டரிடம் நாள் வாங்கினாள். புரை முற்றிப் பழுப்பாகிவிட்டது, இத்தனை நாள் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உலகத்தைப் பார்த்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பால்கனியில்

பால் பாக்கெட் நீலமாகத் தெரிந்த அந்தக் காலையில் உறைத்தது.

வலது கண்ணுக்கு ஐந்து படங்களும் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்தவையாகத் தெரிந்தன. எந்த மே மாதத்திலும், எந்த அணைக்கட்டிலும் இல்லாத நீலம். இடது கண்ணால் பார்த்தேன். அழகாக, அளவாக, நான் நினைத்தபடியே இருந்தன.

ஆறாவது படத்தை எடுத்தேன். நான் தொடாத படம். வலது கண்ணால் பார்த்தேன்.

காய்ந்த புல் தெரிந்தது. சேறு வெடித்த கரை தெரிந்தது. மழைக்கு முந்தின தூசியில் வெளிச்சம் தேங்கி நிற்பது தெரிந்தது. ஸ்கூட்டர் பின்சீட்டிலிருந்து இருபத்தைந்து மே மாதம் நான் பார்த்தது இதைத்தான். ஒரு தூரிகை வீச்சுகூடப் பிசகவில்லை. அவன் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சளாகிப் போயிருந்தது என் கண்.

திருப்பினேன். கறை என்று நினைத்தது பென்சில் எழுத்து. ஐந்தையும் திருப்பினேன். ஐந்திலும் இருந்தது.

பஞ்சில் டர்பன்டைன் தொட்டு ஒரு படத்தின் மூலையில் மெதுவாக ஒற்றினேன். என் நீலம் வந்தது. அதோடு அவனுடைய மஞ்சளும் வந்தது. மெல்லிசாகப் போட்ட வண்ணம், மழைக்காலம் வேறு, இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன. மூலையில் வெறும் போர்டு தெரிந்தது. பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

வைஷாலி வந்த அன்று

நாலு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். படங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாவ் அங்கிள்! எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்கு. இந்த ப்ளூ எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

சும்மா இருந்துவிடலாம் என்று தோன்றியது. அவளுக்குப் பிடித்திருக்கிறது, ஹாலுக்கு வருகிறவர்களுக்கும் பிடிக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ராஜம் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு இருந்துச்சே அங்கிள்?"

ஈசலுக்குப் பின்னால் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவள் முன்பக்கம் பார்த்துவிட்டுத் திருப்பினாள்.

"இது அப்பா ஹேண்ட்ரைட்டிங். என்ன எழுதியிருக்கு?"

"ஞாயிறு. அஞ்சரை மணி. காத்து இல்ல. நல்ல தூசி." கடைசி வார்த்தையில் விரலை வைத்தேன். "போதும்."

"போதும்னா இந்தில 'பஸ்', இல்ல?"

"ஆமாம்மா. படம் முடிஞ்சிருச்சு, இனிமே தொடக்கூடாதுன்னு அர்த்தம். அது இருந்தா அப்பா கணக்குல அது முழுசான படம்."

அவள் அந்த எழுத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு சுவரோரமாக மண்டியிட்டு ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். தமிழ் படிக்கத் தெரியாத பெண். ஆனால் அந்த மூன்று எழுத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். விரலை வைத்து வைத்துக் காட்டினாள்.

"இதுலயும் இருக்கு. இதுலயும் இருக்கு. இதுலயும்."

ஐந்தாவதில் விரல் நின்றது.

"உங்களுக்குப் படிக்க வரும்தானே அங்கிள்?"

"கண்ணு தெரியலம்மா," என்றேன். "பென்சில் தெரியல. மஞ்சள் அப்பாவோட நோயின்னு நெனச்சுட்டேன். திருத்தினேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் அப்டித்தான் நெனச்சேன்," என்றாள். "ஒவ்வொரு சண்டேயும் திரும்ப வரும்போது பின்னாடி உக்காந்து மஞ்சள், மஞ்சள்னு சொல்லிட்டே வருவாரு. நான் சும்மா ஹாங், சரின்னு சொல்லுவேன். மெடிசின்ல அப்டிப் பேசறாருன்னு நெனச்சேன். நான் திரும்பிக்கூடப் பாக்கல அங்கிள்."

எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சின்னப் படத்தை மட்டும் பெட்ஷீட்டில் சுற்றினாள். ஆறு படங்களைச் சுற்றிவந்த துணி அதற்கு மிகப் பெரிதாக இருந்தது.

"அந்த அஞ்சும்மா?" என்று கேட்டேன்.

"அது உங்க பெயிண்டிங் அங்கிள். உங்க பேரு போட்டுக்கங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. ராஜத்திடம் வரேன் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இடது கண்

கேம்ப் ஹாலில் அந்த ஒரு படத்தையும் சம்பத்தின் பழைய படங்களையும் வைத்தாள். போய்ப் பார்த்தேன். அந்தச் சின்னப் படத்தின் முன்னால் நின்று வலது கண்ணால் பார்த்தேன். பிறகு, செய்யக்கூடாது என்று தெரிந்தும், வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அழுக்காகத் தெரிந்தது. யாராவது சரி செய்தால் தேவலை என்று தோன்றியது. சட்டென்று கண்ணைத் திறந்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மாதம் கழித்துச் செய்துகொள்ள வேண்டிய இடது கண் அறுவையை நான் இன்னும் செய்துகொள்ளவில்லை. தள்ளிப்போட்டால் புரை கல்லாகிவிடும், அப்புறம் அறுப்பது கஷ்டம் என்கிறார் டாக்டர். ராஜம் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டாள். பயமா என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஐந்து படங்களும் பால்கனியில்தான் இருக்கின்றன. என் பெயரைப் போடவில்லை, அவன் பெயரையும் போட முடியாது. சாயங்காலம் ஐந்தரை மணி சுமாருக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து வலது கண்ணைக் கையால் மூடிக்கொள்வேன். அப்போது ஐந்தும் சரியாக இருக்கும். தண்ணீர் தண்ணீராகவும் மலை மலையாகவும் இருக்கும். நான் என் நண்பனுக்கு நல்லதுதான் செய்தேன் என்று இருக்கும்.

அந்தக் கண்ணும் தெளிந்துவிட்டால், நான் செய்தது சரி என்று சொல்ல இந்த உலகத்தில் எதுவும் மிச்சமிருக்காது.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.